வெந்நீர்த் தொட்டிக்குள் சுருள் குழாய்: வீட்டு பீர்க்காரர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

டெட்ராய்ட் பக்கம் ஒரு புறநகரில், கராஜில் பீர் காய்ச்சுகிறேன். வெந்நீர்த் தொட்டிக்குள் சுருள் குழாய் (காயில்) வைத்து, மாஷ் என்ற தானியக் கலவையின் சூட்டைக் குறையாமல் பிடிக்கும் முறைக்கு இங்கே 'ஹெர்ம்ஸ்' என்று பெயர். பார்க்க வருகிற நண்பர்களும், பார்த்துவிட்டுப் போய்த் தாங்களே பொருத்த ஆரம்பித்தவர்களும் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. போனில் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தேன். கேள்விகளை அவரவர் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். நான் பிளம்பர் இல்லை, ஒழுகவிட்டுக் கற்றுக்கொண்டவன்.

"என்னப்பா, சுருள் குழாயெல்லாம் இருக்கு... சாராயம் காய்ச்சுறியா?"

ஊரிலிருந்து வந்த பெரியப்பா முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் கேட்டது இது. இல்லை. சாராயம் வடிப்பவர் குழாய்க்குள் ஆவியை விட்டு, வெளியே குளிர்ந்த நீரை வைத்து ஆவியைத் துளியாக்குகிறார். இங்கே வெளியே இருப்பது வெந்நீர். உள்ளே ஓடுவது முளைகட்டிய பார்லியிலிருந்து வரும் இனிப்புச் சாறு. அதைத்தான் வோர்ட் என்கிறோம். அந்தக் கட்டத்தில் அதில் ஒரு சொட்டு ஆல்கஹால்கூடக் கிடையாது.

சட்டமும் வேறு. அமெரிக்காவில் 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு மத்திய வரி விலக்கு கிடைத்தது. வீட்டில் வயதுவந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் ஆண்டுக்கு 100 காலன், இரண்டு பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 200 காலன். விற்கக் கூடாது. மாநிலங்கள் தங்கள் சட்டத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் அனுமதித்தன. இந்த விலக்கு வடித்தலுக்குப் பொருந்தாது.

"அப்போ அந்தக் காயில் என்னதான் செய்யுது?"

உடைத்த மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, 65 முதல் 67 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைப்பதுதான் மாஷ். மால்ட்டில் இருக்கும் நொதிகள் அந்த நேரத்தில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டுகின்றன. 62-65 டிகிரியில் பீட்டா அமைலேஸுக்குக் கை ஓங்கும். பீர் லேசாக, வறட்டுச் சுவையோடு வரும். 68-72 டிகிரியில் ஆல்ஃபா அமைலேஸின் ஆட்சி. ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை மிஞ்சி, பீர் கனமாக இருக்கும். மூன்று டிகிரி தவறினால் வேறு பீர். மிச்சிகன் ஜனவரியில் கராஜில் வைத்த பானை ஒரு மணி நேரத்தில் மூன்று டிகிரி இழப்பது சர்வ சாதாரணம்.

அதனால் மாஷ் பானையின் அடியிலிருந்து வோர்ட்டைப் பம்ப் மூலம் உறிஞ்சி, வெந்நீர்த் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் சுருள் குழாய் வழியே ஓடவிட்டு, மறுபடி மாஷின் தலையில் ஊற்றுகிறோம். அடிபிடிக்காமல் பாலைச் சூடாக்க, கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைப்போமே, அதே யோசனைதான். 'ரிம்ஸ்' என்ற இன்னொரு முறையில் வோர்ட்டை நேரடியாகச் சூடேறும் மின் எலிமென்ட்மேல் ஓட விடுவார்கள். ஓட்டம் நின்றால் சர்க்கரை கருகும். சுருள் குழாயில் அந்தக் கவலை இல்லை. சுற்றியுள்ள தண்ணீரைவிட வோர்ட் சூடாகவே முடியாது.

"அண்ணா, கொஞ்சம் கொதிதண்ணி ஊத்தினா சூடு ஏறிடுமே? எதுக்கு இவ்ளோ குழாய்?"

ஏறும். ஒரே சூட்டில் மாஷ் செய்து ஏல் வகை பீர் மட்டும் காய்ச்சுபவருக்கு ஒரு நல்ல கூலர் பெட்டியே போதும், இந்தப் பக்கத்தை இத்தோடு மூடிவிடலாம். சூட்டைப் படிப்படியாக ஏற்ற வேண்டும், ஒவ்வொரு தடவையும் தண்ணீர் சேர்த்து மாஷை நீர்க்க வைக்கக் கூடாது, போன மாதம் செய்த அதே பீர் இந்த மாதமும் வர வேண்டும் என்பவர்களுக்குத்தான் காயில்.

"காப்பரா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா?"

வெப்பத்தைக் கடத்துவதில் காப்பர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு கெட்டி. அதைக் கேட்டதும் எல்லோரும் காப்பர் பக்கம் சாய்வார்கள். ஆனால் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. வெப்பத்தைத் தடுப்பதில் பெரும்பங்கு அந்தச் சுவருடையதல்ல. குழாயை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்துடையது. அதனால் நடைமுறையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அந்த இருபத்தைந்து மடங்கைப் பார்த்துப் பயப்படும் அளவுக்கு இல்லை.

என் முதல் காயில் காப்பர். இப்போது இருப்பது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கழுவுவது சுலபம், பச்சை பிடிக்காது. கையில் காசு கம்மி என்றால் காப்பரில் ஆரம்பிப்பதில் தவறே இல்லை. பற்றவைக்கும்போது ஈயம் கலந்த சால்டர் மட்டும் கிட்டவே வரக் கூடாது. இன்னொரு பொறி: கடையில் ஏசிக்கான காப்பர் சுருளை வெளிவிட்டத்தால் சொல்வார்கள், அரை இன்ச் என்றால் அரை இன்ச். தண்ணீர்க் குழாய்க்கான 'டைப் எல்' சுருளில் அரை இன்ச் என்று அச்சிட்டிருந்தாலும் வெளிவிட்டம் ஐந்தெட்டு இன்ச். ஃபிட்டிங்கைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

"எத்தனை அடி வேணும்? 25 போதுமா, 50 வாங்கணுமா?"

20 லிட்டர் பீருக்கு 25 அடி எனக்குப் போதுமானதாக இருந்தது. 40 லிட்டர் செய்ய ஆரம்பித்ததும் 50 அடிக்கு மாறினேன். நீளம் கூடினால் வோர்ட் வெளியே வரும்போது தொட்டி நீரின் சூட்டை நெருங்கிவிடும். அதற்குமேல் எத்தனை அடி போட்டாலும் பயனில்லை, பம்புக்குத்தான் பாரம்.

குழாயின் உள்ளே தங்கும் அளவையும் கணக்கில் வையுங்கள். அரை இன்ச் ஸ்டீல் குழாய் 50 அடியில் சுமார் 1.4 லிட்டர் வோர்ட் பிடிக்கும். மாஷுக்குத் தண்ணீர் அளக்கும்போது இதை மறந்தால் தானியம் தண்ணீர் இல்லாமல் நிற்கும். அதற்குப் பயந்து முக்கால் பங்கு விட்டமுள்ள மூன்றெட்டு இன்ச் குழாய்க்குப் போனால் பம்ப் திணறும். அரை இன்ச்சே சரி.

"கையால சுத்தினா குழாய் மடிஞ்சு நசுங்குது. எப்படி வளைச்சீங்க?"

சோடா கம்பெனிகள் கழித்துப்போட்ட உருளை 'கார்னி கெக்' சுமார் 21 சென்டிமீட்டர் விட்டம் இருக்கும். வளைக்க அதைவிட நல்ல அச்சு எனக்குக் கிடைத்ததில்லை. காப்பர் சுருளின் ஒரு நுனியைக் கெக்கில் கட்டிவிட்டு, கெக்கை உருட்டிக்கொண்டே போனால் குழாய் தானாக வந்து சுற்றிக்கொள்ளும். குழாயை இழுத்து வளைக்கப் பார்த்தால்தான் மடிகிறது. கடைசி வளைவுகள் இரண்டையும், ஃபிட்டிங்குக்குள் நேராகப் போக வேண்டிய பகுதியையும் கை பெண்டரால் செய்யுங்கள். ஸ்டீல் குழாயை வீட்டில் வளைக்க முயல வேண்டாம், சுற்றியதாகவே விற்கிறார்கள்.

"அரை இன்ச் ஃபிட்டிங்னா அரை இன்ச் ஓட்டைதானே?"

இல்லவே இல்லை. நல்ல பானைகள் பல பாழானது இங்கேதான். பைப் அளவில் 'அரை இன்ச்' என்பது வெறும் பெயர். அதன் திருகின் வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர் வரும். பானைச் சுவரின் ஓட்டையில் வெல்டிங் இல்லாமல் பொருத்தும் இணைப்பான பல்க்ஹெட் ஒவ்வொன்றும் சற்றே வேறு அளவு கேட்கும். கையில் இருக்கும் ஃபிட்டிங்கை வெர்னியரால் அளந்த பிறகுதான் டிரில்லைத் தொட வேண்டும்.

வெந்நீர்த் தொட்டியாகும் பானைக்குள் காயிலை நிற்க வைத்து, அதன் நுனிகள் எங்கே சுவரைத் தொடுகின்றன என்று மார்க்கரால் குறியுங்கள். காயிலுக்கும் தொட்டி நீரைச் சூடாக்கும் மின் எலிமென்ட்டுக்கும் இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். குறியில் சென்டர் பஞ்சால் ஒரு தட்டு, மூன்று மில்லிமீட்டர் பிட்டால் வழிகாட்டி ஓட்டை, பிறகு கூம்பு வடிவ ஸ்டெப் பிட். டிரில் மெதுவாகச் சுற்ற வேண்டும், ஒவ்வொரு படிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். வேகமாகச் சுற்றினால் ஸ்டீல் சூடாகி இறுகிவிடும். அப்புறம் பிட்தான் மழுங்கும், ஓட்டை நகராது. கடைசிப் படிக்கு முந்தின படியில் நிறுத்தி, ஃபிட்டிங்கைப் போட்டுப் பாருங்கள். அது நுழையாமல் விளிம்பில் உட்கார்ந்தால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள். இன்னும் ஒரே படி. முடிந்ததும் உள்பக்கம் விரலை ஓட்டாதீர்கள், பிளேடு மாதிரி இருக்கும். அரத்தால் நன்றாக மழுக்கிய பிறகே ஓ-ரிங் என்ற மெத்தென்ற வளையத்தைப் போட வேண்டும். பிசிறு இருந்தால் சிலிக்கோன் ஓ-ரிங்கை முதல் இறுக்கத்திலேயே வெட்டிவிடும்.

"டெஃப்லான் டேப் ஏழெட்டு சுத்து சுத்திட்டேன், இன்னமும் ஒழுகுது!"

எந்த இணைப்பில் சுற்றினீர்கள் என்பதுதான் கேள்வி. இங்கே மூன்று வகை இணைப்பு இருக்கிறது. கூம்பாகக் குறுகும் என்பிடி திருகில் டேப் வேண்டும், மூன்று நான்கு சுற்று, திருகும் திசையிலேயே. பல்க்ஹெட்டில் நீரைத் தடுப்பது ஓ-ரிங். அங்கே கையால் இறுக்கி அதற்குமேல் கால் சுற்று. பலத்தைக் காட்டினால் ஓ-ரிங் பிதுங்கி வெளியே வந்து சிரிக்கும். மூன்றாவது, காயிலின் நுனியைப் பிடிக்கும் கம்ப்ரஷன் இணைப்பு. அதில் ஃபெரூல் என்ற சின்ன வளையம் குழாயைக் கவ்வித்தான் நீரை நிறுத்துகிறது; டேப் அங்கே எந்த உதவியும் செய்யாது. நான் வாங்கும் ஸ்டீல் இரட்டை ஃபெரூல் வகைக்குக் கையிறுக்கத்துக்குப் பின் ஒன்றேகால் சுற்று.

அப்படியும் கம்ப்ரஷனில் ஒழுகினால் குழாயின் நுனி சாய்வாக வெட்டப்பட்டிருக்கும், அல்லது முட்டை வடிவமாக நசுங்கியிருக்கும். ஹாக்ஸா வேண்டாம், டியூப் கட்டர் பயன்படுத்துங்கள். நுனி இரண்டு இன்ச்சாவது நேராக இருக்க வேண்டும்.

"வெளியே ஒழுகினா தெரியும். தொட்டிக்கு உள்ளேயே ஒழுகினா?"

அதுதான் ஆபத்தானது. பம்ப் ஓடும்போது வோர்ட் வெந்நீருக்குள் கசியும். பம்ப் நின்றால் தொட்டி நீர் குழாய்க்குள் நுழையலாம். பீர் ஏன் நீர்த்துப்போனது என்று மால்ட்டைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சோதனை சுலபம். காயிலின் ஒரு நுனியை மூடுங்கள். மறுநுனியில் சைக்கிள் பம்ப் மாட்டக்கூடிய வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். தொட்டியைத் தண்ணீரால் நிரப்பிவிட்டு நாலைந்து தடவை காற்றடித்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டியில் அமுக்கிப் பார்ப்பது போலத்தான். ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலம் முடிந்ததும் இதைச் செய்கிறேன். ஏன் குளிர்காலம் என்பது கழுவும் கேள்வியில் வரும்.

"வோர்ட் மேல நுழையணுமா, கீழ நுழையணுமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

சூட்டைப் பொறுத்தவரை, தொட்டி நீர் சுழன்றுகொண்டிருந்தால் எப்படி விட்டாலும் ஒன்றுதான். நான் கீழே நுழைத்து மேலே வெளியேற்றுகிறேன். காரணம் காற்று. ஆரம்பத்தில் குழாய் முழுக்கக் காற்றுதான் இருக்கும். கீழிருந்து ஏறும் வோர்ட் அதைத் தள்ளிக்கொண்டு மேல்வழியாக வெளியேற்றிவிடும். மேலிருந்து விட்டால், பம்பை மெதுவாக ஓட்டும்போது மேல் சுற்றுகளில் காற்று அடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் இரண்டு ஹோஸையும் கழற்றினால் கீழ் நுனி வழியே தானாக வடியும். நடுவில் எந்தச் சுற்றும் தொய்ந்திருக்காமல் இருந்தால்.

"தொட்டி தெர்மாமீட்டர் 67 காட்டுது. மாஷ் 63-ஐ தாண்டவே மாட்டேங்குது. காயில் மட்டமா?"

காயில் நல்ல காயில்தான். தண்ணீர் தூங்குகிறது. எனக்கும் முதல் மூன்று தடவை இதேதான் நடந்தது. இன்னும் நீளமான காயில் வாங்கக் கடை வரைக்கும் போய்விட்டேன். திரும்பி வந்து தொட்டியின் வெளிச்சுவரில் மேலிருந்து கீழாக உள்ளங்கையை மெல்ல இறக்கிப் பார்த்தேன். மேலே கை வைக்க முடியவில்லை. எலிமென்ட்டுக்குக் கீழே வெதுவெதுப்பு. பாதிக் காயில் அந்த வெதுவெதுப்பில்தான் உட்கார்ந்திருந்தது. தெர்மாமீட்டரோ மேலே.

வெந்நீர் மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே தங்கும். அதோடு காயிலை ஒட்டியிருக்கும் நீர் தன் சூட்டைக் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்கும். காப்பரா ஸ்டீலா என்ற கேள்வியில் சொன்ன படலம் இதுதான். தொட்டி நீரை இரண்டாவது பம்ப் வைத்து, அடியிலிருந்து எடுத்துச் சுவரோரமாகப் பக்கவாட்டில் பாய்ச்சினால் முழுத் தொட்டியும் சுழலும். பம்ப் இல்லையென்றால் மூடியில் மெதுவாகச் சுற்றும் மோட்டார் துடுப்பு. மத்தால் கடைவது போல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கலக்கியும் ஒரு சீசன் ஓட்டினேன். ஆசையாக வாங்கும் எந்த உபகரணத்தையும்விட இந்த ஒன்று அதிகம் மாற்றியது.

கலக்கிய பிறகும் ஒரு டிகிரி வித்தியாசம் நிற்கும். ஹோஸிலும் மாஷ் பானையின் சுவரிலும் போகும் சூடு அது. தொட்டியை ஒன்று இரண்டு டிகிரி கூட்டி வையுங்கள், முடிந்தது.

"கன்ட்ரோலரோட ப்ரோபை எங்க வைக்கிறது? தொட்டியிலா, மாஷ்லயா?"

ப்ரோப் என்பது சூட்டை அளந்து கன்ட்ரோலருக்குச் சொல்லும் முனை; எலிமென்ட்டை அணைத்து ஏற்றும் ப்ரோப் தொட்டியில் இருக்கட்டும். மாஷில் வைத்தால், மாஷ் சூடேற நேரமாகிறதென்று கன்ட்ரோலர் தொட்டியைக் கொதிக்கக் கொதிக்க ஏற்றிவிடும். மாஷ் இலக்கைத் தொடும்போது தொட்டி எங்கேயோ போயிருக்கும், சூடு ஏறிக்கொண்டே இருக்கும். பீட்டா அமைலேஸ் 70 டிகிரிக்கு மேல் சீக்கிரமே செத்துவிடும்; திரும்பக் குளிர வைத்தாலும் பிழைக்காது. இரண்டாவதாக ஒரு தெர்மாமீட்டரைக் காயிலிலிருந்து வோர்ட் வெளியேறும் இடத்தில், பார்ப்பதற்கு மட்டும் வையுங்கள்.

"67-லேர்ந்து 76-க்கு ஏத்த முக்கால் மணி நேரம் ஆகுது சார். நார்மலா?"

எத்தனை வாட் என்று பார்த்துக் கணக்குப் போடலாம். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி ஏற்ற 4,186 ஜூல். 40 லிட்டர் தொட்டி நீர், 8 கிலோ மால்ட்டும் 24 லிட்டர் நீரும் உள்ள மாஷ், பாத்திரங்கள் எல்லாம் சேர்த்து 70 லிட்டர் நீருக்குச் சமம் என்று வையுங்கள். ஒன்பது டிகிரி ஏற்ற, 5,500 வாட் எலிமென்ட்டுக்கு எட்டு நிமிடம். சாதாரண 120 வோல்ட் பிளக்கிலிருந்து தொடர்ந்து எடுக்கக்கூடிய 1,440 வாட்டுக்கு அரை மணி. இது காகிதக் கணக்கு; வீணாகும் சூட்டைச் சேர்த்தால் உங்கள் முக்கால் மணி நேரம் நியாயம்தான்.

கம்பியை மாற்றாமல் வேகம் வேண்டுமென்றால் தொட்டியில் நீரைக் குறையுங்கள், காயிலும் எலிமென்ட்டும் முழுக மூழ்கும் அளவுக்கு மட்டும். தொட்டியைச் சுற்றிப் போர்வை போடுங்கள். வெளியேறும் வோர்ட் 77-ஐத் தாண்ட விடாதீர்கள்; உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும்.

"பம்ப் உறுமுது, ஆனா வோர்ட் வரல."

பெரும்பாலும் காற்று. இந்தக் காந்த பம்புகள் தாமாக உறிஞ்சாது. பம்ப் மாஷ் பானைக்குக் கீழே இருக்க வேண்டும், ஓடுவதற்குமுன் அதன் தலை நிரம்பியிருக்க வேண்டும். வெளியேறும் ஹோஸைக் கழற்றிச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தால் வோர்ட் இறங்கிக் காற்று போய்விடும். வேகத்தைக் குறைக்கும் வால்வு எப்போதும் பம்புக்குப் பின்னால், முன்னால் அல்ல.

காற்று இல்லையென்றால் மாஷ் அடைத்திருக்கிறது. ஆரம்பத்திலேயே வால்வை முழுக்கத் திறந்தால் தானியப் படுகை ஃபில்டர் காபித் தூளை அதிகமாக அமுக்கிய மாதிரி இறுகிவிடும். பம்பை நிறுத்தி, மாஷைக் கிளறி, பத்து நிமிடம் விட்டு, வால்வைக் கால்வாசி திறந்து ஆரம்பியுங்கள். கோதுமை அதிகம் போடுகிற நாளில் ஒரு பிடி நெல் உமி சேருங்கள். நம் ஊரில் அடுப்பெரித்த உமியை இங்கே பவுண்டு கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறேன்.

"தண்ணிக்குள்ள கரண்ட். பயமா இருக்கே?"

பயம் நல்லது. 5,500 வாட் எலிமென்ட் 240 வோல்ட்டில் 23 ஆம்பியர் இழுக்கும். தனியாக 30 ஆம்பியர் லைன், மின் கசிவு இருந்தால் தானே அணையும் ஜிஎஃப்சிஐ பிரேக்கர், பானைக்குத் தரையிணைப்பு மூன்றும் கட்டாயம். காயில் வேலையை நானே செய்தேன், இந்த வேலைக்கு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

"ஸ்பார்ஜ் பண்ணும்போது தண்ணி இறங்கி காயில் வெளிய தெரியுது. பரவாயில்லையா?"

காயிலுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்பார்ஜ் என்பது தொட்டி வெந்நீரை மாஷ்மேல் ஊற்றி, தானியத்தில் மிஞ்சிய சர்க்கரையை அலசி எடுப்பது; அந்த நேரத்தில் காயிலின் வேலை முடிந்துவிட்டது. எலிமென்ட்டை மட்டும் முதலில் அணையுங்கள். நீர் இல்லாமல் எரிந்த எலிமென்ட் சில நொடிகளில் போய்விடும்.

"உள்ள கை விட முடியாதே, எப்படிக் கழுவுறது?"

காய விடாமல் இருப்பதுதான் பாதி வேலை. வோர்ட் கொதிபானைக்குப் போனதும் அதே பம்பால் வெந்நீர் விட்டுத் தெளிவாக வரும்வரை ஓட்டுங்கள். ஸ்டீல் என்றால் பெர்கார்பனேட் வகைக் கிளீனரை வெந்நீரில் கரைத்து இருபது நிமிடம் சுழல விட்டு அலசலாம். காப்பருக்கு அது வேண்டாம், கறுத்துப்போகும். வெந்நீரே போதும், எங்காவது பச்சை தெரிந்தால் வினிகர். உள்ளே பளபளக்க வேண்டியதில்லை. பிறகு கொதிக்கப் போகும் வோர்ட்தானே.

கழுவியபின் ஊதி வடித்துவிடுங்கள். ஒரு டிசம்பரில் சோம்பலில் ஹோஸைக் கழற்றாமல் விட்டேன். மார்ச்சில் தொட்டியை நிரப்பி மாஷ் ஆரம்பித்த அரை மணியில் வெந்நீர் டீத்தண்ணி நிறத்துக்கு வந்தது. கிட்டே போனால் மால்ட் வாசனை. தொய்ந்திருந்த அடிச்சுற்றில் தேங்கிய நீர் உறைந்து விரிந்து, காப்பரை நீளவாக்கில் ஒரு விரல்கடை அளவுக்குப் பிளந்திருந்தது. சைக்கிள் பம்ப் சோதனை பழக்கமானது அந்த மார்ச்சிலிருந்துதான். ஸ்டீலுக்கு மாறியதும் அப்போதுதான்.

"அதே காயில்ல ஐஸ் தண்ணி வெச்சு, கொதிச்ச வோர்ட்டை ஆற வைக்கலாமா?"

செய்பவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. கொதித்த பிறகு வோர்ட்டில் கிருமி படக் கூடாது; உள்ளே பார்க்க முடியாத 50 அடிக் குழாயை நம்பி அதை அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. கசப்புக்காகக் கொதியில் போடும் ஹாப்ஸ் பூவின் துகள் ஒரு வளைவில் சிக்கினால் எடுப்பது எப்படி? ஆற வைக்கத் தனியாக ஒரு காயிலைக் கொதிபானைக்குள் இறக்கி, அதனுள் குழாய்த் தண்ணீர் விடுகிறேன்.

"ஊருக்கே திரும்பப் போறேன். இந்த செட்டைச் சென்னையில போடலாமா அண்ணா?"

கூடாது. 1937 ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், வீட்டுக்குக் குடிக்க என்றாலும். பம்பையும் கன்ட்ரோலரையும் இங்கேயே விற்றுவிடுங்கள், வாங்க ஆள் உண்டு. பானையை எடுத்துப் போங்கள். 60 லிட்டர் ஸ்டெயின்லெஸ் பானை, வளைகாப்புச் சாம்பாருக்கு அளவாக இருக்கும். பக்கவாட்டில் நீங்கள் போட்ட ஓட்டைகளுக்கு மட்டும் பிளக் போட்டுக்கொள்ளுங்கள்.